ஜாகோகோ

சோதனையின்போது ஜாவா நிரலின் எந்த வரிகள் இயங்கின என்று அளக்கும் கருவி இது. ஜாவா, கோட், கவரேஜ் என்ற மூன்று சொற்களிலிருந்தும் முதல் இரண்டிரண்டு ஆங்கில எழுத்தை எடுத்துக் கோத்த பெயர். எக்லிப்ஸ் நிரலாக்கச் சூழலுக்காக எக்ல்எம்மா கருவியைத் தந்த குழுவினரே இதையும் உருவாக்கினார்கள். ‘எம்மா’ என்ற முந்தைய கருவியின் இடத்தை இது பிடித்துக்கொண்டது.

கவரேஜின் வேரான ‘கவர்’ என்பதன் மூலம் லத்தீன். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முழுக்க மூடுதல் என்பது பொருள். நிரலுலகில் இச்சொல் அவ்வளவு உறுதி தருவதில்லை. சோதனையின்போது ஒரு வரி இயங்கியது என்று மட்டுமே சொல்கிறது. விளைவு சரியா என்று யாராவது பார்த்தார்களா என்பதைச் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை மறந்து சதவீதத்தைக் கொண்டாடுவது ஆபத்து.

ஒருங்கிணைப்புச் சோதனைகளில் அந்தச் சதவீதம் எப்படிக் கிடைக்கிறது என்று அறிவது இன்னும் முக்கியம். ஜாவா கட்டமைப்புக் கருவியான மேவனில் அச்சோதனைகளை ஓட்டுவது ஃபெயில்சேஃப் செருகுநிரல். ஜாகோகோவின் ஏஜென்ட், வகுப்புகள் ஏற்றப்படும்போதே பைட்கோடில் உளவுப்புள்ளிகளைப் பதிக்கிறது. நிரலை ஓட்டும் ஜே.வி.எம். முறையாக நிற்கும்போது பதிவுகள் ‘ஜாகோகோ-ஐடி.எக்ஸெக்’ கோப்பில் விழும்; வலிந்து கொன்றால் அவை கிடைக்காமல் போகலாம். சோதிக்கப்படும் சேவையகம் தனி ஜே.வி.எம்மில் ஓடினால் ஏஜென்ட்டை அங்கேதான் இணைக்க வேண்டும். சோதனையை ஓட்டும் பக்கம் மட்டும் இணைத்துவிட்டு, அறிக்கை பூஜ்யம் காட்டுகிறதே என்று திகைப்பவர்கள் பலர். அறிக்கைக்குத் தரும் வகுப்புக் கோப்புகளும் சோதனையில் ஓடியவையாகவே இருக்க வேண்டும். மறுதொகுப்பில் அவை மாறியிருந்தால் பதிவுகள் பொருந்தாது.