தென்னைக்கு வகுப்பில்லை

பாண்டிருப்பிலிருந்து கல்முனைக்குக் கரையோரமா போனா முதல்ல கண்ணில படுறது தென்னைதான். ஆனா தாவரங்களை எல்லாம் 24 வகுப்புக்குள்ள அடுக்கின சுவீடன்காரர் கார்ல் லின்னேயஸ், 1753இல் வெளியிட்ட பெரிய நூலில் தென்னையை அந்த எந்த வகுப்பிலும் சேர்க்கவில்லை. பனை வகைகளோடு சேர்த்துக் கடைசியில் பின்னிணைப்பாக வைத்தார்.

1735இல் அவர் அறிவித்த முறை லேசானது. பூவுக்குள்ள கேசரத்தை எண்ணணும். தமிழ்நாட்டில் மகரந்தத்தாள் என்பதைத்தான் நாங்க கேசரம் எண்டு படிச்சம். ஒன்று என்றால் மொனாண்ட்ரியா, இரண்டு என்றால் டையாண்ட்ரியா. கார்த்திகைப்பூவில் ஆறு, அது ஹெக்ஸாண்ட்ரியா. 'ஆண்ட்ரியா' ஆணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. கேசரங்களை அவர் கணவன்மார் என்றே எழுதினார். செவ்வரத்தையில் கேசரங்கள் ஒரே குழாயாக ஒட்டியிருக்கு. அதுக்குப் பெயர் மொனடெல்ஃபியா, ஒரே சகோதரர் கூட்டம்.

எண்ணுறது சுகம், ஆனா உறவுமுறை பிழைக்கும். இரண்டு கேசரம் என்ற கணக்கில் மல்லிகையும் மிளகும் ஒரே வகுப்புக்குள்ள போயிற்று. 1789இல் பிரான்சின் ஜூசியூ, பல இயல்புகளைச் சேர்த்துப் பார்த்துக் குடும்பங்களாகப் பிரித்தார். பிறகு லின்னேயஸின் வகுப்புகள் மெல்ல வழக்கொழிந்தன.

இந்தக் கதையில் இலங்கைக்கும் பங்கிருக்கு. 1670களில் ஒல்லாந்துக் கம்பனி வைத்தியர் பால் ஹெர்மன் இங்கே செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, ஊர்ப்பெயர்களையும் குறித்துவைத்தார். பெரும்பாலும் சிங்களப் பெயர்கள். ஏறத்தாழ 70 வருஷம் கழிச்சு, கோபன்ஹேகன் மருந்தாளர் ஆகஸ்ட் குந்தர் அந்தத் தொகுப்பை லின்னேயஸிடம் சேர்ப்பித்தார். இலங்கையை ஒருநாளும் காணாத லின்னேயஸ், அந்தக் காய்ந்த பூக்களை வைத்தே 1747இல் 'புளோரா ஸெய்லானிக்கா' எழுதினார். தொகுப்பு இப்ப லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கு.

அந்த நூலின் முகப்பில் சேகரித்த ஹெர்மன் பெயர் இருக்கு. கொடுத்துதவின குந்தர் பெயரும் இருக்கு. ஹெர்மன் கேட்டபோது "இது இன்ன செடி" எண்டு சொன்ன ஊராள் பெயர் இல்லை. அந்த ஆள் வைத்தியரா, விறகு வெட்டப் போனவரா, மருந்துக்கு இலை பறிக்கிற பெண்ணா? முகப்பைப் பார்த்து அறிய வழியில்லை.

பாளை, குரும்பை, இளநீர், தேங்காய் எண்டு ஒரே மரத்துக்குப் பருவத்துக்கொரு சொல் வைச்சிருக்கிறவங்க எங்கட ஆக்கள். அதுவும் ஒரு வகைப்படுத்தல்தான். இப்ப எங்களில் பலர் ஊர்ச்செடிகளைப் போனில் படம் எடுத்துப் பெயர் சேர்க்கிறம். படத்துக்குக் கீழ செடியின் பெயரோட, விரும்பினால், அதைச் சொன்ன உம்மாட, அம்மம்மாட பெயரையும் எழுதுவம்.