நிறம் காட்டிய உலோகம்

நாம் எவர்சில்வர் என்று வழங்கும் பாத்திரம், ஆண்டுகள் பல சென்றும் துருவேறாதிருப்பதைக் காண்கின்றீர்கள். அந்த எஃகில் கலந்துள்ள குரோமியமே அதற்குக் காரணம். இவ்வுலோகம் மனிதன் கைக்கு எட்டிய வரலாறு அறியத்தக்கது.

ருஷ்ய நாட்டு யூரல் மலைப்பகுதிச் சுரங்கம் ஒன்றில் செந்நிறக் கனிமம் கிடைத்து வந்தது. சைபீரியச் செவ்வீயம் என்பது அதன் பெயர். 1789-இல் மக்கார், வோக்லன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அதனை ஆராய்ந்தனர். ஈயமும் இரும்பும் அலுமினாவுமே அதில் உள்ளன என்று கருதினர். புதிய உலோகம் அவர்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

வோக்லன் நார்மண்டியில் எளிய குடும்பத்தில் பிறந்து, மருந்துக்கடை உதவியாளராக வாழ்வைத் தொடங்கியவர். அவர் 1797-இல் அக்கனிமத்தை மீண்டும் கையிலெடுத்தார். பொடி செய்து, பொட்டாசியம் கார்பனேட்டுக் கரைசலில் கொதிக்க வைத்தார். ஈயம் பிரிந்து படிந்தது. மஞ்சள் நிறக் கரைசல் எஞ்சியது. அதனோடு பாதரச உப்பைச் சேர்க்கச் சிவப்பும், ஈய உப்பைச் சேர்க்க மஞ்சளும் தோன்றின. புதியதொரு தனிமம் அதில் இருப்பதை அவர் உணர்ந்தார். பின்னர் அதன் ஆக்சைடைக் கரியுடன் கடுஞ்சூட்டில் காய்ச்சி, சாம்பல் நிற ஊசிகளாக உலோகத்தைப் பெற்றார். நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று குரோமியம் என்ற பெயர் பிறந்தது.

பெயர் நிறத்தைக் குறிப்பினும், உலோகம் வெள்ளிபோல் வெளுத்தது. கண்ணாடியைக் கீறும் கடினம் உடையது. ஆயினும் எளிதில் நொறுங்கும். நீரினும் ஏழு மடங்குக்குச் சற்று மிகுந்த அடர்த்தியுடையது. உருகுநிலை ஏறத்தாழ 1,907 பாகை செல்சியஸ். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையும். நைட்ரிக் அமிலத்திலோ கரைவதில்லை. ஏன்? அதன் மேற்பரப்பில் ஆக்சைடு மென்படலம் ஒன்று உண்டாகிக் கவசம்போல் காக்கிறது. காற்றுப்படும் இடத்தில், கீறப்பட்டாலும் அப்படலம் மீண்டும் உருவாகும். 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் தேய்வைத் தடுக்கும் எஃகைத் தேடியபோது, குரோமியம் கலந்த எஃகு எளிதில் அரிக்கப்படாமை கண்டார். நூற்றுக்குப் பத்தரைப் பங்கேனும் குரோமியம் இருந்தாலே அக்கவசம் செவ்வையாக அமையும்.

ஆயினும் குரோமியத்தின் சேர்மங்கள் யாவும் தீங்கற்றவை அல்ல. மூன்று இணைதிறன் கொண்ட பசுமையான உப்புகள் தோல் பதனிடப் பயன்படுகின்றன. இவற்றின் நச்சுத்தன்மை குறைவு. ஆறு இணைதிறன் கொண்ட, மஞ்சளும் செம்மஞ்சளுமான குரோமேட்டுகளோ கொடிய நஞ்சு, புற்றுநோய்க்கும் காரணமாவன. நம் இராணிப்பேட்டையில் குரோமேட்டு ஆலைக்கழிவு கசிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது.

வோக்லனுக்கு வழிகாட்டிய அதே மஞ்சள் நிறம், நமக்கு எச்சரிக்கையுமாகும். ஆய்வுக்கூடத்தில் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கையாளுங்கால் இதனை நினைவிற் கொள்ளுங்கள்; எஞ்சிய கரைசலைத் தொட்டியில் ஊற்றிவிடாது ஆசிரியரிடம் ஒப்படையுங்கள்.