டி. ஆர். ராஜகுமாரி

டி. ஆர். ராஜகுமாரி (மே 5, 1922 – செப்டம்பர் 20, 1999) தமிழ்த் திரைப்பட நடிகையும் படத் தயாரிப்பாளரும் ஆவார். 1940களில் தமிழ்த் திரையுலகின் முன்னணி நாயகியாக விளங்கிய இவர், பிற்காலத்தில் திரையரங்க உரிமையாளராகவும் திகழ்ந்தார். இயக்குநர் டி. ஆர். ராமண்ணா இவருடைய தம்பி ஆவார்.

இளமைக்காலம்

ராஜகுமாரி தஞ்சாவூரில் பிறந்தார். இயற்பெயர் ராஜாயி. பாட்டி குசலாம்பாள் கருநாடக இசைப் பாடகி. சிறிய தாயார் எஸ். பி. எல். தனலட்சுமி 1930களில் திரைப்பட நடிகையாக இருந்தார். பரம்பரையாக இசையையும் நடனத்தையும் தொழிலாகக் கொண்ட காவிரிப் படுகைக் குடும்பங்களின் பெண்களுக்கு, கோயிலும் செல்வந்தர் ஆதரவும் குறைந்து வந்த அக்காலத்தில் திரைப்படம் புதிய வாழ்வழியாக அமைந்தது.

திரை வாழ்க்கை

இவரது தொடக்கப் படம் குமார குலோத்துங்கன் (1939). பாபநாசத்தில் பிறந்த இயக்குநர் கே. சுப்பிரமணியம், கச்ச தேவயானி (1941) படத்தில் இவரை நாயகியாக்கினார். அப்படத்தின் வெற்றி இவரை முன்னணிக்குக் கொண்டுவந்தது. பெ. சுந்தரம் பிள்ளையின் நாடகத்தைத் தழுவிய மனோன்மணியில் (1942) பி. யு. சின்னப்பாவுடன் நடித்தார்.

1944 ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ஹரிதாஸ் படத்தில், நாயகனை மயக்கும் ரம்பா என்ற கணிகையாக நடித்தார். மாயவரத்தில் பிறந்த எம். கே. தியாகராஜ பாகவதர் இதில் நாயகன். சென்னை பிராட்வே திரையரங்கில் இப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

திருத்துறைப்பூண்டியைச் சேர்ந்த எஸ். எஸ். வாசன் ஜெமினி நிறுவனத்தின் சார்பில் தயாரித்து இயக்கிய சந்திரலேகா (1948) இவருக்கு இந்திய அளவில் புகழ் தந்தது. இளவரசர் இருவரின் போட்டிக்கு நடுவே சிக்கும் நாட்டியப் பெண்ணாக இவர் நடித்தார். பெரிய முரசுகளின் மீது பெண்கள் ஆடுவதும், ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் வெளிப்படுவதும் அப்படத்தின் புகழ்பெற்ற காட்சியாகும். இந்திப் பதிப்பிலும் இவரே நாயகி.

1950களில் புதிய நாயகியர் வந்தபின், இவர் வேறுவகை வேடங்களை ஏற்றார். மனோகராவில் (1954) அரசனைத் தன்வயப்படுத்தும் வசந்தசேனை என்ற எதிர்மறை வேடம் இவருக்குப் பெயர் பெற்றுத் தந்தது. டால்ஸ்டாயின் அன்னா கரேனினாவைத் தழுவிய பணக்காரியில் (1953) எம். ஜி. ஆருடன் நடித்தார். வானம்பாடி (1963) இவரது கடைசிப் படமாகும்.

தயாரிப்பும் திரையரங்கும்

தம்பியுடன் இணைந்து ஆர். ஆர். பிக்சர்ஸ் நிறுவனத்தை நடத்தினார். எம். ஜி. ஆரும் சிவாஜி கணேசனும் இணைந்து நடித்த ஒரே படமான கூண்டுக்கிளி (1954) இந்நிறுவனத்தின் தயாரிப்பு. குலேபகாவலி (1955), பெரிய இடத்துப் பெண் (1963) ஆகியவையும் இதன் படங்களே.

சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் தன் பெயரிலேயே ராஜகுமாரி திரையரங்கை அமைத்தார். சொந்தமாகத் திரையரங்கு கட்டிய முதல் தமிழ் நடிகை என இவர் குறிப்பிடப்படுகிறார். ஹாலிவுட்டில் மேரி பிக்ஃபோர்ட் 1919 ஆம் ஆண்டிலேயே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவராக இருந்தார். தமிழகத்தில் படமனைகளும் அரங்குகளும் பெரும்பாலும் ஆண்களின் கையிலேயே இருந்த காலத்தில், நடித்து ஈட்டிய பொருளைத் தயாரிப்பிலும் அரங்கிலும் முதலீடு செய்து, பிறர் அளிக்கும் வாய்ப்பை மட்டுமே நம்பியிராத நிலையை ராஜகுமாரி அடைந்தார். அத்திரையரங்கு பின்னாளில் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வணிக வளாகம் எழுந்தது.

மறைவு

ராஜகுமாரி திருமணம் செய்துகொள்ளவில்லை. 1963 ஆம் ஆண்டுக்குப் பின் நடிப்பிலிருந்து விலகி வாழ்ந்த இவர், 1999 செப்டம்பர் 20 அன்று தமது 77 ஆவது வயதில் காலமானார்.

நடித்த திரைப்படங்களுள் சில

* கச்ச தேவயானி (1941)
* மனோன்மணி (1942)
* குபேர குசேலா (1943)
* சிவகவி (1943)
* ஹரிதாஸ் (1944)
* சந்திரலேகா (1948)
* இதய கீதம் (1950)
* வனசுந்தரி (1951)
* அமரகவி (1952)
* அன்பு (1953)
* பணக்காரி (1953)
* மனோகரா (1954)
* குலேபகாவலி (1955)
* புதுமைப்பித்தன் (1957)
* தங்கப்பதுமை (1959)
* வானம்பாடி (1963)