தன் பெயர் தனக்கு வாராமை: பரிசுப் பரிமாற்றக் குலுக்கலின் கணித வரலாறு

முன்னுரை

கிறிஸ்துமஸ் காலத்தில் ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் ‘சீக்ரெட் சான்டா’ என்றும் ஜெர்மனியில் ‘விக்டெல்ன்’ என்றும் வழங்கும் பரிசுப் பரிமாற்றம் நடைபெறுகிறது. குழுவினர் பெயர்களைத் துண்டுச்சீட்டுகளில் எழுதிக் குலுக்குவர். ஒருவர் எடுத்த துண்டில் யார் பெயர் உள்ளதோ அவருக்கு அவர் மறைவாகப் பரிசளிக்க வேண்டும். தன் பெயரைத் தானே எடுத்தல் ஆகாது என்பது இதன் அடிப்படை விலக்கு. இவ்விலக்கிற்குரிய கணிதம் சூதாட்ட ஆய்வில் தோன்றியது. அதன் வரலாற்றையும், இவ்விலக்கு குலுக்கலின் நடுநிலையையும் மறைவையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மொன்மோரும் பெர்னூலியும்

பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் ரெமோன் த மொன்மோர், வாய்ப்பு விளையாட்டுகள் பற்றிய நூலை 1708-இல் பாரிசில் வெளியிட்டார். ‘திரேஸ்’, அதாவது பதின்மூன்று, என்னும் சீட்டாட்டத்தை அவர் அதில் ஆராய்ந்தார். அதன் எளிய வடிவில் 13 சீட்டுகளைக் கலைத்து, ஒன்று முதல் பதின்மூன்று வரை எண்ணியவாறே ஒவ்வொன்றாகத் திருப்புவர். சொன்ன எண்ணும் வந்த சீட்டும் பொருந்தினால் வெற்றி. பரிசுக் குலுக்கலில் அதே பொருத்தம் தவறாகிறது, கணக்கு மாறுவதில்லை.

1713-இல் வந்த இரண்டாம் பதிப்பில் நிக்கோலாஸ் பெர்னூலியின் நிறுவலும் இடம்பெற்றது. சேர்த்தும் நீக்கியும் எண்ணும் அம்முறையை நால்வருக்குப் பொருத்திக் காணலாம். மொத்த வரிசைமாற்றங்கள் 24. குறிப்பிட்ட ஒருவர் தன் பெயரைப் பெறுபவை 6. நால்வருக்கும் சேர்த்து 24 நீக்கப்படும். இருமுறை நீக்கப்பட்டவற்றுக்காக 12 கூட்டி, பின்னர் 4 கழித்து, 1 கூட்டினால் எஞ்சுவது 9.

ஆய்லரின் பங்களிப்பு

லியோனார்டு ஆய்லர் இதே சிக்கலை ‘பொருத்த ஆட்டம்’ என்ற பெயரில் ஆராய்ந்தார். பெர்லின் கழகம் அக்கட்டுரையை 1753-இல் வெளியிட்டது. சீட்டுகள் பெருகப் பெருக, ஒரு பொருத்தமும் நிகழாமைக்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.3679 என்னும் எண்ணை அணுகுகிறது. இது இயல் மடக்கையின் அடிமானமான 2.718…-இன் தலைகீழ். ஐவர் குழுவில் 120-க்கு 44. பதின்மர் குழுவில் 36,28,800-க்கு 13,34,961. குழு பெரிதானாலும் முதல் குலுக்கலே பிழையின்றி அமையும் வாய்ப்பு பெரிதும் மாறுவதில்லை.

நடுநிலைச் சிக்கல்

தன் பெயரை எடுத்தவர் மட்டும் அதை மீண்டும் போட்டு வேறொன்றை எடுப்பது பரவலான வழக்கம். அ, ஆ, இ என்னும் மூவர் அவ்வரிசையில் எடுப்பதாகக் கொள்வோம். அ என்பவர் இ-இன் பெயரை எடுத்தால், ஆ என்பவருக்கு அ-இன் பெயரே வந்தாக வேண்டும். இதன் நிகழ்தகவு 1/2. அ என்பவர் ஆ-இன் பெயரை எடுத்தால், பாதி வாய்ப்பில் இ-க்குத் தன் பெயரே எஞ்சிக் குலுக்கல் முறியும். ஆகவே ஏற்கத்தக்க இரு அமைப்புகளுள் ஒன்றுக்கு 1/2-உம் மற்றொன்றுக்கு 1/4-உம் கிடைக்கின்றன. ஒருவர் தவறினாலும் அனைவரும் துண்டுகளைத் திருப்பிப் போட்டு முதலிலிருந்து குலுக்கினால் இச்சார்பு நீங்கும். அதற்குச் சராசரியாக மூன்றுக்கு மிகாத குலுக்கல்களே போதும்.

மறைவுச் சிக்கல்

விலக்கு மறைவையும் குறைக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை பயன்படுத்திய எனிக்மா பொறியின் திருப்பு உருளையால் எந்த எழுத்தும் தானாகவே மறையெழுத்தாக வராது. பிளெட்ச்லி பார்க் ஆய்வாளர்கள், செய்தியில் இருக்கக்கூடிய சொற்றொடரை மறைசெய்தியின் கீழ் நகர்த்தி, ஓரெழுத்தேனும் ஒன்றிய இடங்களை விலக்கினர். 20 எழுத்துத் தொடர் ஓரிடத்தில் தற்செயலாகத் தப்பும் வாய்ப்பு ஏறத்தாழ 0.46, பாதிக்கும் மேற்பட்ட இடங்கள் உடனே நீங்கின.

பரிசுக் குலுக்கலிலும் இதுவே நிகழ்கிறது. விலக்கு இல்லாவிடில், நால்வருள் ஒருவர் தம் துண்டைப் பார்த்தபின் ஆறு அமைப்புகள் எஞ்சும். விலக்கு இருப்பின் மூன்றே எஞ்சும். மூவர் குழுவில் எஞ்சுவது ஒன்றே.

முடிவுரை

மொன்மோரும் ஆய்லரும் எண்ணிய வரிசைமாற்றங்களே பரிசுக் குலுக்கலின் அளவுகோல். நடுநிலைக் குறை குலுக்கும் முறையால் விளைவது. முழுமையாக மீண்டும் குலுக்கினால் தீரும். மறைவுக் குறை விலக்கினாலேயே விளைவதால் எம்முறையாலும் முற்றாகத் தீராது. ஆள் கூடினால் அது தளரும்: ஐவர் குழுவில் தம் துண்டைக் கண்டவருக்கு 11 அமைப்புகள் எஞ்சுகின்றன. மூவர் குழுவிலோ தம் துண்டைப் பிரித்த கணமே ஒவ்வொருவரும் தமக்குப் பரிசளிப்பவரை அறிந்துவிடுவர்.