சப்ரகமுவத் தோட்டங்களிற் கிறிஸ்தவ மறுமைக் கோட்பாடு: ஒரு சமூக வரலாற்று நோக்கு

இறப்பின் பின் ஆன்மா அடையும் நிலை பற்றிய கோட்பாடுகள் பெரும்பாலும் இறையியலாளருக்கே உரிய ஆய்வுப் பொருளாகக் கருதப்பட்டு வந்துள்ளன. எனினும், ஒரு நம்பிக்கை எம்மக்களிடையே, எத்தகைய வாழ்க்கைச் சூழலில் வேரூன்றியது என்பதை நோக்கும்போதே அதன் வரலாற்றுப் பொருள் துலங்கும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளருள் கிறிஸ்தவர் சிறுபான்மையினரே. ஆயினும், இறந்தோருக்காக உயிரோடிருப்போர் ஏதேனும் செய்ய இயலுமா என்ற வினா அவர்தம் சமய வாழ்வில் பெற்ற இடம் ஆழ்ந்து நோக்கற்பாலது.

தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருட் சிலர் வரும்போதே கிறிஸ்தவராயிருந்தனர். மதுரை மிஷனில் றொபேட் டி நொபிலி (1577–1656) ஆன்மாவைப் பற்றியும் மறுபிறப்பை மறுத்தும் தமிழில் நூல்கள் இயற்றியிருந்தார். மறுபிறப்பு மறுக்கப்பட்டபோதும் 'மோட்சம்' என்ற சொல் கைவிடப்படவில்லை. பிறவித் தளையினின்றும் விடுபடுதலைக் குறித்த அச்சொல் இறைவனுடன் வாழும் விண்ணுலகைக் குறிக்கலாயிற்று. இலங்கைத் தோட்டங்களில், துரைமாரின் பொருளுதவியுடன் 1854இல் தொடங்கிய அங்கிலிக்கன் 'தமிழ்க் கூலி மிஷன்' திருநெல்வேலி உபதேசிமாரைக் கொண்டு பணியாற்றியது. கத்தோலிக்கத் திருச்சபையைப் பொறுத்தவரை, 1893இல் உருவாக்கப்பட்ட காலி மறைமாவட்டத்தினுள் சப்ரகமுவ அடங்கியது. 1895 முதல் பெல்ஜிய இயேசு சபையினர் அங்கு பணிபுரிந்தனர்.

இவ்விரு மரபுகளும் மறுமை பற்றி ஒன்றையே கற்பிக்கவில்லை. மோட்சம், நரகம், இறுதித் தீர்வை, உடலின் உயிர்த்தெழுகை என்பன இரண்டிற்கும் பொதுவானவை. ஆனால் கத்தோலிக்கர், பாவத்தின் எச்சம் நீங்கி ஆன்மா தூய்மையடையும் 'உத்தரிக்கிற ஸ்தலம்' ஒன்று உண்டெனவும், உயிரோடிருப்போரின் செபமும் திருப்பலியும் அங்குள்ள ஆன்மாக்களுக்கு உதவுமெனவும் நம்பினர். திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் இதனை உறுதிப்படுத்தியது. இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளுள் 22ஆவது இதனை அடியோடு மறுத்தது. இறந்தவரின் நிலை இறைவனின் அருளிலேயே தங்கியுள்ளது என்பதே சீர்திருத்தத் திருச்சபைகளின் நிலைப்பாடு.

லயங்களில் நிலவிய இறப்புச் சடங்குகளோடு வைத்து நோக்கும்போது இவ்வேறுபாட்டின் சமூகப் பொருள் புலனாகும். தப்பு முழக்கம், ஒப்பாரி, கருமாதி, ஆண்டுத் திவசம் என்பன இறந்தவருக்கு இருப்போர் ஆற்றும் கடமைகளாகும். இக்கடமைத் தொடர்பைக் கத்தோலிக்கம் வேறொரு வடிவிற் பேணியது. திவசத்தின் இடத்தை நினைவுத் திருப்பலியும், முன்னோர் வழிபாட்டின் இடத்தை நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளும் பெற்றன எனலாம். புரட்டஸ்தாந்தரின் நினைவு ஆராதனையோ இறந்தவருக்கான பரிகாரமாகாது, இருப்போரின் ஆறுதலாகவே அமைந்தது.

கடன் என்ற கருத்தும் இங்கு கவனத்திற்குரியது. 1921இல் ஒழிக்கப்படும்வரை நிலவிய துண்டு முறையின்படி, கடனைத் தீர்த்தாலன்றித் தொழிலாளி ஒரு தோட்டத்தினின்றும் மற்றொன்றிற்கு விடுவிக்கப்படமாட்டான். புரட்டஸ்தாந்தத் தமிழ் வேதாகமத்தில் கர்த்தர் கற்பித்த செபம் பாவத்தைக் கடனென்றே சுட்டுகின்றது. கடன்பட்டு, பிறர் அதனைத் தீர்த்த பின்னரே விடுதலை பெற்ற மக்களுக்கு, பிறர் செபத்தால் விடுவிக்கப்படும் ஆன்மா அந்நியமான கற்பனையாகத் தோன்றியிராது என எண்ண இடமுண்டு.

மறுமையின் இன்பத்தைக் காட்டி இம்மையின் துன்பத்தைப் பொறுக்கக் கற்பித்த போதனை தோட்ட நிருவாகத்திற்கு உவப்பாயிருந்தமை வெளிப்படை. துரைமார் மிஷனுக்குப் பொருளுதவினமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆயினும் துரையும் கங்காணியும் கூலியும் ஒரே தீர்வைக்கு முன் நிற்பர் என்ற கருத்தும் அப்போதனையினுள்ளேயே இருந்தது. சமயம் துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்திற்கெதிரான முறையீடாகவும் ஒருங்கே விளங்கும் என்ற மார்க்சிய நோக்கு இங்கும் பொருந்துகின்றது.

வாழும் நிலமும் புதைக்கும் நிலமும் இம்மக்களுக்குச் சொந்தமாயிருக்கவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவிற்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழர் தாக்கப்பட்டபோது பலர் வன்னிக்கு இடம்பெயர்ந்தனர். இவ்வாறு சென்றோர் விட்டுச்சென்றவற்றுள் தம் பெற்றோரின், பிள்ளைகளின் புதைகுழிகளும் அடங்கும். கல்லறையருகே நின்று ஆற்றும் கடமை அவர்களுக்கு இயலாததாயிற்று. எந்தக் கோவிலிலும் எவர் பெயராலும் ஒப்புக்கொடுக்கக்கூடிய திருப்பலியோ நிலத்தோடு பிணைக்கப்பட்டதன்று. இடம்பெயர்க்கப்பட்டோரிடையே இறந்தோருக்கான செபம் நிலைபெற்றமைக்கு இவ்வியல்பும் துணைபுரிந்திருத்தல் கூடும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962–65) பின்னர் மறுமையைவிட இம்மை நீதிக்கு முதன்மையளிக்கும் போக்கு வளர்ந்தது. இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் தொடங்கிய 'சத்தியோதய' நிலையம் தோட்டத் தொழிலாளரின் உரிமைகளைத் தன் பணியாகக் கொண்டது. 1995இல் இரத்தினபுரி தனி மறைமாவட்டமாயிற்று. இம்மாற்றங்கள் மறுமை நம்பிக்கையை அகற்றிவிடவில்லை. சப்ரகமுவத் தோட்டங்களில் அந்நம்பிக்கை, பிரிக்கப்பட்ட குடும்பங்கள் தம் இறந்தோரோடு கொண்ட உறவை அறுபடாது காத்த சமூக நிறுவனமாகவும் இயங்கியுள்ளது. காணியுரிமைக் கோரிக்கையில் வீட்டு நிலத்தோடு இடுகாட்டு நிலமும் சேர்த்தெண்ணப்படல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றினின்றும் நாம் பெறும் முடிவாகும்.