கேமரன் மலையில் நல்லெண்ணெய்

தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் என்று எதனையும் எண்ணெய் என்றே வழங்குகிறோம். ஆயினும் அச்சொல் பிறந்த இடம் எள்ளே ஆகும். எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. வடமொழியிலும் திலத்திலிருந்து பிறந்ததே தைலம். பிற எண்ணெய்கள் வந்து அப்பெயரைப் பங்கிட்டுக்கொண்ட பின்னர், பழையதைப் பிரித்துக் காட்ட ‘நல்ல’ என்னும் அடைமொழி வேண்டியதாயிற்று. மலையாளிகள் நல்லெண்ண என்பர். தெலுங்கரும் மஞ்சி நூனெ என்பர். மூன்று மொழியாரும் ஒரே பொருளுக்கு ஒரே நற்சான்று அளித்துள்ளனர். அந்த நன்மை யாது என்று காண, பகாங் மாநிலத்துக் கேமரன் மலை பொருத்தமான இடமாகும்.

வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885இல் கண்டுரைத்த மலைப்பகுதி இது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் செடி நட்டவர்களிலும், பின்னர்க் கொழுந்து பறித்தவர்களிலும் தமிழர் மிகப் பலர். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 5,000 அடி உயரம்; இரவில் நல்ல குளிர். தேங்காயெண்ணெய் இக்குளிரில் மெழுகுபோல் உறைந்துவிடும். நல்லெண்ணெயோ தண்ணீர்போல் ஓடும். தலை முழுகப் புட்டியைச் சாய்த்த எவருக்கும் இது தெரிந்த செய்தியே. இருதயத்தைப் பற்றிய ஆராய்ச்சியின் முதற்பாடமும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

எளிதில் உறைவது பூரிதக் கொழுப்பு. அது மிகுந்தால் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறும். தேங்காயெண்ணெயில் அது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு. செம்பனை எண்ணெயில் பாதியளவு. நல்லெண்ணெயில் பதினைந்து பங்கை ஒட்டியே உள்ளது. எஞ்சியவை பெரும்பாலும் உறையாத கொழுப்புகள்.

இங்கே ஒரு முரண்பாடு எழுகிறது. உறையாத கொழுப்பு காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி விரைவில் காறிப்போகும் இயல்பினது. அவ்வாறாயின் நல்லெண்ணெயும் விரைவிற் கெட வேண்டுமன்றோ? அது கெடுவதில்லை. 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1973 வரை மக்களை ஏற்றிச் சென்றது. அத்தகைய நெடும்பயணங்களையும் அடுப்படியின் வெப்பத்தையும் தாங்கி, காறல் வாடை வீசாமல் இருக்கவல்ல எண்ணெய் இது.

தாங்கும் ஆற்றல் எங்கிருந்து வந்தது? எள்ளெண்ணெயில் நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கே உள்ள செசமின், செசமோலின் என்னும் பொருள்களே இதன் மூலம். செசமோலின் சூடேறும்போது சிதைந்து செசமால் ஆகிறது. இந்தச் செசமால், தானே பிராணவாயுவின் தாக்குதலை ஏற்றுக்கொண்டு கொழுப்பைக் காக்கிறது. இதற்கு வேறொரு பெருமையும் உண்டு. அமிலத்தோடும் பர்பியூரலோடும் சேர்த்தால் செந்நிறம் காட்டும். அதனாலேயே இந்திய அரசு, வனஸ்பதியில் நூற்றுக்கு ஐந்து பங்கு நல்லெண்ணெய் கலக்க வேண்டும் என்று விதித்தது. நெய்யில் வனஸ்பதியைக் கலக்கும் வணிகரை எள் காட்டிக்கொடுத்துவிடும் என்பது கருத்து!

புட்டிக்குள் எண்ணெயைக் காப்பது உடலுக்குள் இரத்தக் குழாய்களையும் காக்குமா? காக்கும் என்று எண்ணெய் விற்போர் உடனே கூறிவிடுவர். அறிஞர் அவ்வளவு விரைவதில்லை. குடலிற் கொலஸ்ட்ரால் உட்செல்வதைச் செசமின் குறைக்கிறது என்று ஜப்பானியர் எலிகளிற் கண்டனர். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் மனிதரிடமே சோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்டுவந்த நோயாளிகளுக்கு 45 நாள் சமையல் முழுவதும் நல்லெண்ணெயிலேயே நடந்தது. அழுத்தம் தணிந்தது. நல்லெண்ணெயை நிறுத்தி 45 நாள் சென்றபின் மறுபடி ஏறியது. இது நம்மை எண்ண வைக்கும் சான்றே. ஆனால் சோதனைக்கு உட்பட்டவர் சிலரே. எண்ணெய் மாறியதும் அவர்கள் அறிந்ததே. மாத்திரையும் நிற்கவில்லை என்பதை மறக்கலாகாது. நல்லெண்ணெயை நம்பி மருந்தை விடுவது பெரும் பிழை. மேலும், இந்தச் சோதனை உண்ட எண்ணெயைப் பற்றியது. தீபாவளிக்குத் தலையில் தேய்த்த எண்ணெய் இருதயத்தைக் காக்கும் என்பதற்கு இதில் இடமில்லை.

மலையிலே நிகழ்ந்த மாற்றம் இதனினும் கவலைக்குரியது. 1917இல் சிலாங்கூரில் தெனமரம் தோட்டத்தில் வணிகத்திற்காக நடப்பெற்ற செம்பனை, நாளடைவில் மலேசியாவின் அடுப்பு முழுவதையும் பிடித்துக்கொண்டது. அரசின் உதவித்தொகையோடு ஒரு கிலோ பையில் மலிவாகக் கிடைக்கும் எண்ணெயை விட்டு, பன்மடங்கு விலையுள்ள நல்லெண்ணெயைக் கூலிக்காரர் எவ்வாறு வாங்குவர்? குற்றம் அவருடையது அன்று. இந்திய அரசு 1938இல் தோட்டத் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. இன்று தேயிலைத் தோட்ட வேலையிற் பெரும்பகுதி வங்கதேசத்தார், நேபாளியர், இந்தோனேசியர் கையில் உள்ளது. தங்கிய தமிழரிடமும் நல்லெண்ணெய் பெரும்பாலும் பூசையறைக்கும் முழுக்கு நாளுக்கும் என்று ஒதுங்கிவிட்டது. விளக்குக்கென்றே மலிவாக விற்கும் கலப்பெண்ணெயை நல்லெண்ணெய் என்று எண்ணிச் சமைப்போரும் உண்டு. அதிற் செசமால் எங்ஙனம் இருக்கும்?

வாங்குவோர் புட்டியின் மேலுள்ள எழுத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். ‘விளக்கிற்கு மட்டும்’ என்றிருந்தால் அது அடுப்புக்கு ஆகாது. எள் தவிர வேறு எண்ணெயின் பெயர் இருந்தால் அது கலப்பு. செக்கில் கருப்பட்டி சேர்த்து ஆட்டிய எண்ணெய் பொன்னிறமும் எள் மணமும் உடையது. இந்த எண்ணெய் கேமரன் மலையின் இரவுக் குளிரிலும் உறையாது.