ஒட்டும் ஒட்டாரும்

தமிழில் 'ஒட்டு' என்ற சொல் பல தொழில்களுக்குப் பொதுவானது. பின்னொட்டு இலக்கண ஆசிரியருடையது, ஒட்டுமாங்கன்று தோட்டக்காரருடையது, ஒட்டுத்திண்ணை கொத்தனாருடையது. கிழிசலின்மேல் வைத்துத் தைக்கும் துணித்துண்டும் ஒட்டுதான். வள்ளுவர் பகைவரை 'ஒட்டார்' என்கிறார். இத்தனை பொருள்களோடு, மிதிவண்டி வந்த பிறகு சேர்ந்துகொண்ட ஒன்றுதான் இன்று தெருவில் அதிகம் புழங்குவது: பஞ்சர் ஒட்டு. காற்றடைத்த பொருளில் விழுந்த துளையை மூடும் காசளவு ரப்பர் துண்டு. அதன் வரலாற்றைச் சக்கரத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் படுக்கையிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

படுக்கையைப் பற்றி நம் இலக்கியம் நிறையவே பேசியிருக்கிறது. நெடுநல்வாடை பாண்டிமாதேவியின் கட்டிலை வருணிக்கும்போது அன்னத்தின் தூவியால் ஆன அணையைச் சொல்கிறது. திருப்பாவை பஞ்ச சயனத்தைச் சொல்கிறது. அதற்கு அழகு, குளிர்ச்சி, மென்மை, வெண்மை, நறுமணம் என்று ஐந்து குணங்களைப் பொருளாகக் கொள்வோர் உண்டு. இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயில்தூவி, அன்னத்தூவி என்று ஐந்து பொருள்களைக் கொள்வோரும் உண்டு. இரண்டாம் பட்டியலை எடுத்துக்கொண்டால் அதில் காற்று இல்லை. உடம்பையே காற்று நிரம்பிய பையாகக் கண்ட சித்தர் மரபு நமக்கு இருந்தும், காற்றை நிரப்பி அதன்மேல் உடம்பைக் கிடத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பயனில்லை. காற்றை நீண்டநேரம் பிடித்துவைக்கும் துணி நம்மிடம் இருக்கவில்லை.

அந்தத் துணி 1823இல் வந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மக்கின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசிக் காப்புரிமை பெற்றார். மழைச்சட்டைக்கென்று வந்தது காற்றுத் தலையணைக்கும் காற்று மெத்தைக்கும் உதவியது. 1832இல் நீல் ஆர்னட் என்ற மருத்துவர், ரப்பர் பூசிய துணியை ஒரு தொட்டி நீரின்மேல் விரித்து, நெடுநாள் படுத்திருப்பவர்களுக்கு ஒரு படுக்கை செய்தார். படுக்கைப் புண்ணைத் தவிர்ப்பதுதான் நோக்கம். இதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. வேண்டுபவர் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இந்த மனிதரைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுதலாம்.

அந்நாளைய ரப்பருக்கு ஒரு குறை இருந்தது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். மயிலாப்பூர் சித்திரை வெயிலில் அது என்ன ஆகியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் நிலைப்படுவதைக் கண்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1843இல் அதே வழிக்குக் காப்புரிமை கேட்டார். ரோமானியர்களின் நெருப்புத் தெய்வமான வல்கனின் பெயரை அந்த முறைக்கு வைத்தார்கள். நம் ஊர் டயர் கடைப் பலகைகளில் பல எழுத்துப்பிழைகளோடு காட்சிதரும் 'வல்கனைசிங்' அந்தத் தெய்வத்தின் திருநாமம்தான்.

பிறகு சக்கரம். 1845இலேயே ராபர்ட் தாம்சன் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தாலும், 1888இல் பெல்பாஸ்டில் கால்நடை மருத்துவர் ஜான் டன்லப் தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்குச் செய்ததுதான் நிலைத்தது. டன்லப் டயரைச் சக்கர விளிம்போடு பசைபோட்டு ஒட்டியிருப்பார்கள். முள் குத்தினால் பிரித்து, ஒட்டி, இரவு முழுக்கக் காயவைக்க வேண்டும். 1891இல் பிரெஞ்சுக்காரர்களான மிச்லின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்தார்கள். அதன் பெருமையைக் காட்ட 1892இல் பாரிஸிலிருந்து கிளெர்மோன் ஃபெரானுக்கு ஒரு பந்தயம் நடத்தி, வழியில் ஆணிகளையும் தூவிவிட்டார்கள்! பஞ்சர் கடைக்காரர்தான் ஆணி போடுகிறார் என்று சென்னையில் சந்தேகப்படுபவர்கள், அந்தக் கலையின் மூலவர்கள் யார் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்தக் கதையில் தமிழர்கள் வேறொரு வாசல் வழியாக நுழைகிறார்கள். ஹென்றி விக்ஹாம் 1876இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுவந்தார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அந்த மரங்கள் காடாகப் பெருகியபோது பால் சீவியவர்களில் பெரும் எண்ணிக்கையினர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். மலாயாத் தமிழில் அது 'பால்மரம்'. அகிலன் 'பால்மரக் காட்டினிலே' என்று ஒரு நாவலே எழுதினார். 1942 தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் உலகின் ரப்பர் வரத்து சுருங்கியது. இங்கே டயர் பங்கீட்டுப் பொருளாயிற்று. இருப்பதை ஒட்டியும் தைத்தும் ஓட்டவேண்டிய காலம் அது.

சென்னையின் பெரிய டயர் நிறுவனம் டயரில் தொடங்கவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் எம்.ஆர்.எஃப். நிறுவனம் டிரெட் ரப்பருக்கு வந்தது; அதாவது தேய்ந்த பழைய டயரின்மேல் புதிதாக ஒட்டும் மேல்தோல். புது டயர் 1960களில்தான். முதலில் காற்று, அடுத்து ஒட்டு, கடைசியில் சக்கரம்: இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பஞ்சர் ஒட்டும் மனிதரின் கைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குச் சலிப்பதே இல்லை. டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தில் விரலை வைப்பார். துடைத்து, அரத்தால் சுரண்டுவார். சொலூஷனைத் தடவிவிட்டு உடனே ஒட்டமாட்டார். கரைப்பான் ஆவியாகும்வரை காத்திருப்பார். அவசரக்காரர் ஒட்டுவது நிற்காது. பசை கவ்வுவதோடு வேலை முடிவதில்லை. தரமான ஒட்டென்றால் அதிலும் பசையிலும் உள்ள வேதிப்பொருள்கள் கந்தகப் பிணைப்பை உண்டாக்கி டியூபையும் ஒட்டையும் ஒரே ரப்பராக்கிவிடும். வல்கன் நெருப்பில்லாமலே வேலை செய்கிறார்.

மந்தைவெளியில் என் பெரியம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானபோது, மருத்துவர் சொல்படி ஒரு காற்று மெத்தை வாங்கினோம். சிறு பம்பு ஒன்று இடைவிடாது முனகிக்கொண்டு, சில குமிழ்களில் காற்றை ஏற்றி மற்றவற்றில் இறக்கும். சில நிமிடங்களில் மாற்றிச் செய்யும். உடம்பின் எந்த இடமும் தொடர்ந்து அழுந்தாது. இரண்டாவது வாரம் புடவை ஊக்கு ஒன்று மெத்தையைக் குத்திவிட்டது. மெத்தை தட்டையானால் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே முதுகின் அடிப்பகுதி சிவக்கத் தொடங்கும். அந்த வயதில் புண் வந்தால் ஆறுவது கடினம். மெத்தையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தெருமுனைப் பஞ்சர் கடைக்குப் போனேன். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது ரப்பர் இல்ல சார், பிளாஸ்டிக். நம்ம சொலூஷன் நிக்காது. இன்னிக்கு ஒட்டினா நாளைக்கு உரிஞ்சி வந்துடும்."

அவர் சொன்னது வேதியியல். இன்றைய காற்று மெத்தைகளில் பெரும்பாலானவை பி.வி.சி.யால் ஆனவை. விறைப்பான பி.வி.சி.யை வளைந்துகொடுக்கும்படி செய்தவர், 1926இல் அமெரிக்காவின் குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமன். அவர் அப்போது தேடிக்கொண்டிருந்தது ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசையை! பசை தேடியவர் கையில், ரப்பர் பசைக்கு ஒட்டாரான ஒரு பொருள் கிடைத்தது. கந்தகம் பிணைப்பதற்கு அதில் ரப்பர் இல்லை. மேலும், அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வந்து ரப்பர் பசையை இளக்கிவிடும்.

அதற்கு இனத்தோடு இனம்தான் சேரும். மெத்தைப் பெட்டியில் ஒரு சிறு பொட்டலத்தில் அதே பி.வி.சி.யின் துண்டும் ஒரு பசைக்குழாயும் வைத்திருப்பார்கள். பலர் பெட்டியோடு தூக்கி எறிந்துவிடுவது அதைத்தான். அந்தப் பசை மெத்தையின் மேற்பரப்பைச் சற்றே கரைத்து, ஒட்டையும் கரைத்து, உலரும்போது இரண்டையும் ஒன்றாக்குகிறது. குழாய்க்கடைப் பசையும் பி.வி.சி.க்கானதுதானே என்று கேட்கலாம். அது விறைப்பான குழாய்க்கு. காய்ந்தபின் வளையாது, மெத்தை மடங்கும்போது வெடிக்கும். நொடியில் ஒட்டும் பசைக்கும் அதே கதி.

சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழி வந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டோம். காற்றை முழுவதும் வெளியேற்றி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டை வட்டமாக வெட்டினோம். மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். ஒட்டியபின் மேலே பாரம் வைக்க வேண்டும். தமிழ்ப் பேரகராதியின் ஒரு தொகுதி அதற்குச் சரியாக இருந்தது. ஒரு நாள் முழுக்கக் காற்று ஏற்றக்கூடாது. அந்த ஒரு நாள் பெரியம்மா இலவம்பஞ்சு மெத்தையில் படுத்திருந்தார். இரவிலும் முறைபோட்டுக்கொண்டு இரண்டு மணிக்கொருமுறை புரட்டிவிட்டோம். மறுநாள் மாலை பம்பைப் போட்டு, ஒட்டின்மேல் மீண்டும் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தேன். குமிழி வரவில்லை.